வாயசைத்தால் போதும்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். 2005 பொங்கல் விழாவில், அமெரிக்காவின் சுகர் லேண்டில், என் கண் முன்னால் நடந்தது இது.

தமிழ்ச் சங்க நாடகம். கும்பினி காலத்தில், எஜமானுக்கு விஷம் வைத்ததாகத் தூக்கிலிடப்பட்ட சேனாபதி என்ற சமையல்காரனின் கதை. எழுதியதும் சேனாபதியாக நடித்ததும் என் கணவர் அனந்தராமன். அவருடைய முன்னோர் ஒருவர் சொன்ன சாட்சியில்தான் அந்தத் தூக்கு. புகுந்த வீட்டில் அது பெருமைக் கதை!

எங்கள் சங்கத்தில் வசனத்தை முன்பே பதிவு செய்துவிடுவோம். மேடையில் மைக் கிடையாது. வாயசைத்தால் போதும். ஒலிப்பதிவை ஓட்டுவது என் வேலை. தூக்குக் கயிற்றில் வெல்க்ரோ தைத்ததும் நான்தான். பாரம் பட்டால் பிரிந்துவிடும்.

கடைசிக் காட்சி. தூக்குப் போடுபவனாக நடித்த கிரீஷ், என் கணவரின் கழுத்தில் கயிற்றை மாட்டினான்.

“நான்தான் விஷம் வெச்சேன்!” என்றது பதிவிலிருந்த அவர் குரல். ஆனால் அவர் உதடுகள் வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தன. இத்தனை ஒத்திகை பார்த்தும் இந்த மனுஷன் சொதப்புகிறாரே என்று எரிச்சல் வந்தது.

கிரீஷ் ஸ்டூலை உதைத்தான்.

கால்கள் துடித்தன. விசில் பறந்தது.

“என்னமா நடிக்கறார் காமு, உன் ஹஸ்பண்ட்!” என்றார் பக்கத்திலிருந்த வசந்தாமணி ஆன்ட்டி. வெல்க்ரோ இதோ பிரிந்துவிடும் என்ற நினைப்பில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அப்போதுதான்...

டம்... டம்... டம்...

தம்பட்டம். நாங்கள் அதைப் பதிவு செய்யவே இல்லை.

வால்யூமைக் குறைத்தேன். குறையவில்லை. ஒயரைப் பிடுங்கினேன்... சத்தம் கூடியது.

அவர் உதடுகளைப் பார்த்தேன். இப்போது புரிந்தது.

காமு... காமு...

அலறிக்கொண்டு ஓடினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. தம்பட்டத்துக்கு ஏற்ப எல்லாரும் கைதட்டினார்கள்.

டம்... டம்...

கால்கள் நின்றன.

தம்பட்டமும் நின்றது.

“ஆன்ட்டி, ஐ ஸ்வேர்... வெல்க்ரோ கயித்தத்தான் மாட்டினேன்,” என்று அழுதான் கிரீஷ். வெல்க்ரோ கயிறு நாடகச் சாமான் பெட்டிக்குள் மடித்தபடியே இருந்தது. அவர் கழுத்தை இறுக்கியிருந்தது பழைய தேங்காய் நார்க் கயிறு. அது எங்கிருந்து வந்தது என்று போலீசுக்கும் தெரியவில்லை.

காரியம் முடிந்த அன்று, சென்னையில், மாமனார் ஜம்புநாதன் என்னைத் தனியாக அழைத்தார். தம்பட்டத்தைப் பற்றி அவரிடம் நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

“சேனாபதி விஷம் வெக்கலைம்மா. சாட்சியே பொய். தூக்குல நின்னுண்டு அதைத்தான் கத்தியிருக்கான். ஜனங்க காதுல விழக் கூடாதுன்னு சாட்சி சொன்ன எங்க தாத்தாவோட தாத்தாதான் தம்பட்டம் அடிக்கச் சொன்னாராம்... அவன் கால் நிக்கற வரைக்கும்.”