கூட வந்த ஆம்பளை யாருங்க?

திங்கட்கிழமை, மதியம் இரண்டு மணி. சேலம் பஸ் நிலையத்தில் தருமபுரி வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தூரம் அறுபத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் ஆறரை ரூபாய். கையில் ஒரு பை. அதில் மூன்று புடவை, ஒரு நோட்டு, ஒரு கடிதம். கடிதத்தை யாரிடமும் காட்டக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன். இந்தப் பயணத்தால் பொம்மிடியில் ஒரு நல்ல மனிதரின் வேலைக்கு நானே உலை வைக்கப்போகிறேன் என்று அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அங்கேயே இறங்கியிருப்பேன். இதைப் படிக்கிறவர்கள் இயற்கைக் காட்சிகளை அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

விஷயம் இதுதான். சேலத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் மனையியல் சொல்லிக்கொடுக்கிறேன். வயது நாற்பத்து நான்கு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, செய்துகொள்ளும் உத்தேசமும் இல்லை. என் பழைய மாணவி ஒருத்தியின் கணவர் ரகுபதி. அவருடைய அப்பா தருமபுரி, காரிமங்கலம், பொம்மிடி என்று மூன்று ஊர்களில் ‘பூஞ்சோலை லாட்ஜ்’ கட்டி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். இருபத்தைந்து வருஷத்தில் காறை பெயர்ந்து, கட்டில் கயிறு தொய்ந்து, மூட்டைப்பூச்சிகள் நிரந்தர வாடிக்கையாளர்கள் ஆகிவிட்டன. மகன் வந்ததும் மூன்றையும் ‘ஹோட்டல் பிளசன்ட்’ என்ற புதுப் பெயரில் புதுப்பிக்க ஆரம்பித்தார். தருமபுரியில் வேலை முடிந்துவிட்டது, மற்ற இரண்டும் பாக்கி.

“டீச்சர், சாதாரண கஸ்டமர் மாதிரி போய்த் தங்கிப் பாருங்க. வர்றவங்களுக்கு எது குறையோ, தயவு தாட்சண்யம் பார்க்காம எழுதிக் கொடுங்க” என்றார். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அவர் கைப்பட எழுதிக் கொடுத்ததுதான் அந்தக் கடிதம். மே மாத விடுமுறை. ஒத்துக்கொண்டேன்.

தொப்பூர் கணவாயில் வண்டி மூச்சு வாங்கியது. கண்டக்டர் ஒரு குடம் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றிவிட்டு வந்து, “தருமபுரியில யாரு வூட்டுக்குங்கம்மா?” என்றார். யார் வீட்டுக்கும் இல்லை, லாட்ஜுக்கு என்றேன். அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் ஒரு மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது.

மாலை நான்கரை. ஹோட்டல் பிளசன்ட் இளம்பச்சை பெயின்ட்டில் பளபளத்தது. வரவேற்பறையில் ரெக்சின் சோபா, பிளாஸ்டிக் ரோஜா, ஒரு கலர் டி.வி. உட்கார்ந்த உடனே ஒரு டம்ளர் ரோஸ்மில்க் வந்தது. புது முதலாளி ஏற்பாடாம், வருகிற எல்லோருக்கும் இலவசமாம். நன்றாகத்தான் இருந்தது. குடித்துவிட்டு மேனேஜரிடம் போய், ஒரு சிங்கிள் ரூம் வேண்டும் என்றேன். பலகையில் நாற்பத்தைந்து ரூபாய் என்று போட்டிருந்தது.

“கூட வந்த ஆம்பளை யாருங்க?” என்றார், பேனாவைத் திறந்துகொண்டே.

“யாரும் இல்லை. நான் மட்டும்தான்.”

பேனாவை மூடிவிட்டார். “தனியா வர்ற லேடீஸுக்கு ரூம் தர்றதில்லைங்க. பெரியவர் காலத்துல இருந்தே ரூல்ஸு.”

பெயரை மாற்றினார்கள், பெயின்ட்டை மாற்றினார்கள், கட்டிலை மாற்றினார்கள். இதை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்டேன். அவர் ஒன்றும் முரடர் இல்லை. குரலைத் தணித்து, “தப்பா நெனைக்காதீங்கம்மா. தனியா வந்து ஏதாச்சும் தூக்கு கீக்கு மாட்டிக்கிட்டா யாரு பதில் சொல்றது?” என்றார்.

“ஆண்கள் யாரும் இங்கே தூக்கு மாட்டிக்கொண்டதில்லையா?”

கொஞ்சம் யோசித்தார். “பன்னெண்டாம் நம்பர்ல ஒருத்தர் மாட்டிக்கிட்டாருங்க. போன வருசம்.”

“அதற்கப்புறம் ஆண்களுக்கு ரூம் கொடுப்பதை நிறுத்திவிட்டீர்களா?”

அவர் டி.வி.யைப் பார்த்தார். பையில் இருந்த கடிதத்தை எடுத்து மேஜைமேல் வீசலாமா என்று கை பரபரத்தது. வீசியிருந்தால் அறை கிடைத்திருக்கும், சோப்பும் துண்டும் கிடைத்திருக்கும். ஆனால் கடிதம் இல்லாமல் வருகிறவளுக்கு என்ன கிடைக்கும் என்று பார்க்கத்தானே வந்திருக்கிறேன். பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறி, நாலு ரோடு தாண்டி இருந்த ஒரு மாணவியின் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று. காரிமங்கலம். தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பஸ்ஸில் இருபது கிலோமீட்டர் சொச்சம். அன்று சந்தை. புளி மூட்டைகளுக்கும் கோழிக் கூடைகளுக்கும் நடுவே வழி பிடித்துப் போனால் பழைய பூஞ்சோலை லாட்ஜ். இங்கே ரோஸ்மில்க் இல்லை, பதில் மட்டும் அதேதான். ராத்திரி தங்க வேண்டாம், குளித்து உடை மாற்ற ஒரு மணி நேரத்துக்காவது அறை கொடுங்கள் என்றேன். முழு நாள் வாடகையைக் கொடுத்துவிடுகிறேன் என்றும் சொன்னேன்.

“ஒரு மணி நேரத்துக்கா?” என்று மேனேஜர் சிரித்தார். எதற்காகச் சிரித்தார் என்பதை இங்கே எழுத மாட்டேன். “வூட்டுக்காரரு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தாப் பாக்கலாம்” என்று வேறு சேர்த்துக்கொண்டார்.

எதிரே மிளகாய் விற்றுக்கொண்டிருந்த அம்மாள் நான் சிடுசிடுவென்று இறங்கி வந்ததைப் பார்த்து, “ரூம்பு கேட்டீங்களா? நான் பதினஞ்சு வருசமா சந்தைக்கி வர்றேன். ஆம்பளைங்க எல்லாம் மேல படுத்துக்குவாங்க, நாங்க மூட்டை மேல படுத்துக்குவோம்” என்றாள். அதை அவள் குறையாகச் சொல்லவே இல்லை. மழை பெய்யும் வெயில் அடிக்கும் என்பதுபோலச் சொன்னாள். எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது, அது நியாயமில்லை என்றும் தெரிந்தது.

தருமபுரிக்குத் திரும்பி வண்டி மாறி, பொம்மிடியில் இறங்கியபோது மாலை ஆறு. முப்பது கிலோமீட்டர், இரண்டு இடத்தில் ரோடு இல்லை. ஸ்டேஷனுக்கு எதிரே மூன்றாவது பூஞ்சோலை. பலகையில் ‘பூ’ உதிர்ந்து ‘ஞ்சோலை லாட்ஜ்’ என்று நின்றது. மேனேஜர் மேஜையில் வெள்ளைத் தொப்பியும் நரைத்த தாடியுமாக ஒருவர். எல்லோரும் காதர் பாய் என்று கூப்பிட்டார்கள். சண்டைக்குத் தயாராகத்தான் போய் நின்றேன்.

“பேர் சொல்லுங்கம்மா” என்றார். சொன்னேன். ஊர், வேலை எல்லாம் எழுதினார். கூட வந்தவர் என்ற கட்டத்துக்கு வந்ததும் கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. ‘அண்ணன், காதர்’ என்று எழுதிவிட்டு நோட்டைத் திருப்பி, “இங்க ஒரு கையெழுத்து” என்றார்.

நான் மேலே இருந்த வரிகளைப் படித்தேன். சரோஜா, சேலம், கூட வந்தவர் அண்ணன் காதர். ஸ்டெல்லா மேரி, ஜோலார்பேட்டை, அண்ணன் காதர். பக்கத்தைப் புரட்டினால் அங்கேயும் இரண்டு மூன்று.

“இத்தனை தங்கச்சியா பாய்?”

“என்னங்கம்மா பண்றது? ஏழரை மணி வண்டியில பொம்பளைப் புள்ளைங்க எறங்குது. மலைப் பக்கம் போற கடைசி பஸ்ஸு அதுக்கு முன்னாலயே போயிருது. பிளாட்பாரத்துல ஒக்காரச் சொல்லவா முடியும்? கட்டத்துல ஒரு ஆம்பளை பேரு வேணும், அவ்ளோதானே? எம் பேரு சும்மாதானே கெடக்குது.” பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: “ஒரு நாள் போலீஸ்காரர் நோட்டைப் பாத்துட்டு, என்ன பாய், ஸ்டெல்லா மேரியுமா தங்கச்சின்னாரு. ஆமாங்க, எங்கப்பா பெரிய குடும்பஸ்தருன்னேன். அவரும் டீ குடிச்சிட்டுப் போயிட்டாரு.”

அறை இருபது ரூபாய். சுவர் அழுக்கு, மெத்தை மேடும் பள்ளமும். ஆனால் கதவுக்கு உள்பக்கம் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு புதுத் தாழ்ப்பாள். அவரே சொந்தச் செலவில் போட்டதாம். போகும்போது இரண்டு சாவியைக் கையில் கொடுத்தார். “ஒண்ணு டூப்ளிகேட்டுங்க. அதையும் நீங்களே வெச்சுக்குங்க. காலையில குடுத்தாப் போதும்.” விருந்தினர் உபசரிப்பு பற்றி வகுப்பில் பத்து வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். அந்த இரண்டாவது சாவி எந்தப் பாடத்திலும் இல்லை. இரண்டு நாளில் அப்போதுதான் கால் நீட்டி நிம்மதியாக உட்கார்ந்தேன்.

புதன்கிழமை காலை ஏழு மணி, பாப்பிரெட்டிப்பட்டி பஸ். அங்கே லாட்ஜ் இல்லை, ஆனால் பக்கத்து அறையில் தங்கியிருந்த பெண் அந்த வண்டியில் போகிறாள் என்பதால் நானும் ஏறினேன். சித்தேரி மலைப் பக்கம் நர்ஸ் வேலை அவளுக்கு. அந்த ஸ்டெல்லா மேரிதான். லீவுக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் பொம்மிடியில் ஓர் இரவு தங்கியாக வேண்டும்.

“பாய் அண்ணன் இல்லேன்னா இந்த வேலையை மொத வருசமே உட்டுட்டுப் போயிருப்பேன் டீச்சர்” என்றாள். வீட்டில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். தங்க இடம் இல்லாத ஊரில் என்ன வேலை என்று.

திரும்பி வரும் வழியெல்லாம் முழங்காலில் நோட்டை வைத்து எழுதினேன். தருமபுரியையும் காரிமங்கலத்தையும் கிழித்துத் தோரணம் கட்டினேன். பொம்மிடியைப் புகழ்ந்தேன். காதர் பாயின் பெயர், தாழ்ப்பாள், இரண்டாவது சாவி, பதிவேட்டில் ‘அண்ணன்’ என்று எழுதுவது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதினேன். மூன்று லாட்ஜிலும் இவரைப்போல் ஒருவர் வேண்டும் என்று அடிக்கோடு வேறு போட்டேன். படித்தவள் செய்கிற முட்டாள்தனம் அது. எழுதினால் நல்லது நடக்கும் என்ற நம்பிக்கை.

வியாழக்கிழமை காலை பத்து மணி, சேலம். ரகுபதி அறிக்கையைப் படித்தார். மூட்டைப்பூச்சிக்குத் தலையாட்டினார். காரிமங்கலத்துக்கு உச்சுக் கொட்டினார். பொம்மிடிக்கு வந்ததும் முகம் மாறிவிட்டது.

“ரிஜிஸ்டர்ல பொய் எழுதறாரா? டீச்சர், நாளைக்கு ஒரு கேஸ் வந்தா லைசன்ஸே போயிடும்!”

“பொய் எழுதச் சொன்னது உங்கள் ரூல். அதை எடுத்துவிடுங்கள், பொய் தானாக நின்றுவிடும்” என்றேன்.

“அப்புறம் குடும்பத்தோட யாரு வருவாங்க? இதை ஃபேமிலி ஹோட்டலா ஆக்கத்தானே இவ்வளவு செலவு பண்றேன்?”

“என்னைத் தனியாகத் தங்கச் சொல்லி அனுப்பியது யார்? அப்போது இந்த ரூல் ஞாபகம் வரவில்லையா?”

அவர் விழித்தார். உண்மையாகவே ஞாபகம் வரவில்லை. “நீங்க வேற டீச்சர். உங்களுக்குத்தான் லெட்டர் குடுத்தேனே” என்றார். அதற்குமேல் நான் கத்தியதைப் பக்கத்து அறையில் இருந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். கேட்கட்டும். கத்தி என்ன பயன்? கடைசியில் அவர் பெரிய மனது செய்து ஒரு சலுகை கொடுத்தார். இனி இப்படி எழுத மாட்டேன், தனியாக வரும் பெண்களுக்கு அறை தர மாட்டேன் என்று காதர் பாய் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் வேலையில் இருக்கலாம். இல்லாவிட்டால் இல்லை.

கடிதத்தை நானே கொண்டுபோகிறேன் என்றேன். யாரோ ஒரு பியூன் கொண்டுபோய் நீட்டுவதைவிட அது மேல் என்று தோன்றியது. அன்று மதியம் ரயிலில் பொம்மிடிக்குப் போனேன். வழியெல்லாம் அவரிடம் எப்படிக் கெஞ்சுவது என்றே யோசித்தேன். மாலை நான்கு மணிக்கு அவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

“போட்டுவிடுங்கள் பாய். வேலை முக்கியம். நான் ரகுபதியிடம் மெதுவாகப் பேசி மாற்றப் பார்க்கிறேன்.”

“போடலாந்தாங்கம்மா.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “போட்டுட்டா, இன்னிக்கு ஏழரை வண்டியில யாராச்சும் வந்து நின்னா என்னன்னு சொல்றது?”

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

“நீங்க நல்லதுக்குத்தான் எழுதினீங்க. அதுல எனக்கு வருத்தமில்லை. ஆனா எழுதறதுக்கு முன்னால என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

கையெழுத்துப் போடாமலே கடிதத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். ஏழரை மணி வண்டி வந்து போகும்வரை மேஜையில் இருந்தார். அதில் பெண்கள் யாரும் இறங்கவில்லை. சாவிக் கொத்தை அறை எண் வாரியாக ஆணியில் மாட்டிவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு வீட்டுக்குப் போனார்.

இப்போது பொம்மிடியிலும் ஹோட்டல் பிளசன்ட் வந்துவிட்டது. ரோஸ்மில்க் உண்டு. வேறு மேனேஜர் இருக்கிறார். ஸ்டெல்லா மேரி வேலையை விட்டுவிட்டதாக ஒரு கார்டு போட்டிருந்தாள். காதர் பாயைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. நான் இரண்டு கடிதம் எழுதினேன். அவர் பதில் எழுதவில்லை.

பொம்மிடியிலிருந்து சேலத்துக்குத் திரும்பி வந்த அன்று பீரோவில் வேறு எதையோ தேடும்போது என் வீட்டு வாடகைப் பத்திரம் கையில் அகப்பட்டது. ஒன்பது வருஷமாக அந்த வீட்டில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். பத்திரத்தில் இருப்பது என் தம்பி பெயர். பெங்களூரில் இருக்கும் அவன் இங்கே ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. கையெழுத்துப் போட மட்டும் வந்தான். அப்போது எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. கோபம்கூட வரவில்லை.

மறுநாள் காலை பத்திரத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் போனேன். தம்பி பெயரை எடுத்துவிட்டு என் பெயரில் எழுதித் தர வேண்டும் என்று சொன்னேன். அவர் நல்ல மனிதர், என்னிடம் மரியாதை உள்ளவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, காப்பியும் கொடுத்தார்.

“அதுக்கென்ன டீச்சர், தாராளமா மாத்திடலாம்” என்றார். “தம்பியை ஒரு நாள் வரச் சொல்லுங்க. பேசிக்கலாம்.”