அண்ணன் வீட்டுக் கேட்டில் ஒரு பகா எண்

ஊரில் எல்லாரும் வீட்டுக்குப் பெயர் வைத்தார்கள். டீச்சரின் அண்ணன் எண் வைத்தார். கேட்டில் பித்தளையில் பதினோரு இலக்கங்கள். பகா எண்ணாம். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாதாம். அந்த மாதிரி எண்களைத் தரும் சூத்திரத்துக்குத்தான் அவருக்கு டாக்டர் பட்டமும் பேராசிரியர் வேலையும் கிடைத்தன.

அந்தச் சூத்திரத்தில் பாதி டீச்சருடையது. கல்யாணத்துக்கு முன் அண்ணனும் தங்கையும் ஒரே மேஜையில் மண்டையை உடைத்துக்கொண்டு போட்டது. ஆய்வேட்டின் நன்றியுரையில் தட்டச்சு செய்தவர் பெயர்கூட இருந்தது. இவள் பெயர் இல்லை. கேட்டபோது, "நம்ம வீட்டு ஆளுக்கு யாராவது நன்றி சொல்லுவாங்களா பாப்பா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அவள் வயிற்றில் எரிந்துகொண்டே இருந்தது.

எதிர்வரிசையில்தான் அவர் வீடு. ஜன்னலைத் திறந்தால் அந்தப் பித்தளை பல்லிளிக்கும். அது மட்டும் ஏதாவது ஒன்றால் வகுபட்டுவிட்டால் சூத்திரம் பொய், அண்ணனின் மானம் கப்பலேறிவிடும். டீச்சர் சிலேட்டை எடுத்தாள்.

கணிப்பொறி வீடுகளுக்கு வராத காலம். நூலகத்துப் பகா எண் அட்டவணையை வைத்துக்கொண்டு வரிசையாக வகுத்தாள். ஓர் எண் இரண்டாகப் பிளந்தால் ஒரு துண்டாவது அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாது. அதனால் அதுவரை பார்த்தால் போதும். அதுவே இரண்டு லட்சத்துச் சொச்சம். பள்ளிக்கூடம் விட்டு வந்து வகுப்பாள், மீதி வரும், துடைப்பாள், மறுபடி வகுப்பாள். வருஷங்கள் ஓடின.

"என்னம்மா, இன்னிக்காவது உங்கண்ணன் உடைஞ்சாரா?" என்பார் கணவர்.

"உடைப்பேன். நீங்க சாப்பிடுங்க."

உடையவில்லை. ஒரு விடுமுறை நாள் காலையில் அட்டவணையில் அவளுக்கு வேண்டிய கடைசி எண்ணாலும் வகுத்தாள். மீதி வந்தது. அப்படியானால் அது பகா எண்ணேதான். ஆத்திரத்தில் அவளுக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷம் பாடுபட்டு அந்த மனுஷனுக்கே சாட்சி சொன்னதுபோல் ஆகிவிட்டதே!

கண்ணைத் துடைத்து, சிலேட்டையும் துடைத்தபோது வாசலில் அண்ணன் நின்றார். முடி நரைத்து, முகம் வாடியிருந்தது.

"பாப்பா, நீ அந்த எண்ணை வகுத்துப் பாக்குறதா உங்க அண்ணி சொன்னா."

"ஆமாண்ணே."

"நான் கடைசி வரைக்கும் பாக்கவே இல்லம்மா. தைரியம் வரல. கேட்டைத் திறக்கறப்பல்லாம் பகீர்ங்குது." குரல் தழைந்தது. "என்னாச்சு, முடிஞ்சுதா?"

ஒரு வார்த்தை போதும், மனுஷன் நிம்மதியாகத் தூங்குவார். டீச்சருக்கு அந்த நன்றியுரை நினைவுக்கு வந்தது.

"இன்னும் மீதி இருக்குண்ணே," என்றாள்.

அதில் பொய்யே இல்லை. ஒவ்வொரு வகுத்தலிலும் மீதி இருக்கத்தான் செய்தது. அண்ணன் தலையாட்டிவிட்டுத் தெருவைக் கடந்து போய், எண்ணைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டைத் திறந்தார். டீச்சர் ஜன்னலில் நின்று கடைசி வரை பார்த்தாள்.