தங்கைக்கு எந்த சிம்?

வந்தவர் வாயைத் திறப்பதற்குள் பெனிசிமானியின் கை சிம் பெட்டிக்குப் போய்விடும். "எங்க போற?" என்பது ஒரு கேள்வி. "எத்தன நாளு?" என்பது இன்னொன்று. மூன்றாவது கேள்வி அவரிடம் கிடையாது.

"ஆஸ்திரேலியாவுக்குங்க, தக்காளி பறிக்க. ஆறு மாசம்."

"அப்ப இங்க ஒண்ணும் வாங்காத. அங்க இறங்கினதும் உங்க மேஸ்திரி கடைக்குக் கூட்டிட்டுப் போவான், அங்க வாங்கு. இந்த நம்பரைக் கழட்டி உங்கம்மாகிட்ட குடுத்துட்டுப் போ. அப்பப்ப கொஞ்சம் காசு போட்டு உசுரோட வச்சிருக்கச் சொல்லு. அடுத்து யாரு?"

அடுத்து நின்றவர் பாதிரியார், மாநாட்டுக்கு ஃபிஜி போகிறவர். "ஒரு வாரத்துக்கு என்னத்துக்குப் புது சிம், ஃபாதர்? இதையே அங்கயும் வேலை செய்யற மாதிரி ரோமிங் போட்டுத் தரேன். என்ன, பேச்சை மட்டும் குறைச்சுக்கணும். உங்களுக்கு அதுதான் கஷ்டம்." பாதிரியார் உட்பட வரிசை முழுக்கச் சிரித்தது.

டோங்காவின் தலைநகரில், சந்தைக்குப் பக்கத்துப் பேருந்து நிறுத்தத்தில் இருக்கிறது அந்தக் கடை. பழைய கப்பல் பெட்டி ஒன்றில் பாதியை அறுத்துப் போட்டது. அதற்குள் ஒரு பிளாஸ்டிக் முக்காலி. அதன்மேல் அவர். அவ்வளவு பெரிய உடம்பை அந்த முக்காலி எப்படித் தாங்குகிறது என்று பார்க்கவே சிலர் நின்றுவிட்டுப் போவார்கள். வாழைக்காய் மாதிரி தடித்த விரல்களில் சிறு இடுக்கியைப் பிடித்துக்கொண்டு, கண்ணுக்கே தெரியாத திருகாணியைக் கழற்றுவார். தண்ணீரில் விழுந்த போன் வந்தால் முதலில் முகர்ந்து பார்ப்பார். "கடல்" என்பார், அல்லது "கழிப்பறை" என்பார். கழிப்பறை என்றால் போனின் சொந்தக்காரர் தலையைக் குனிந்துகொள்வார். இதுவரை தப்பாகச் சொன்னதில்லை.

இந்த ஊரில் பாதிப் பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள், மீதிப் பேர் புறப்படக் காத்திருக்கிறார்கள். ஆகவே எந்த நாட்டுக்கு எந்த சிம் என்பது இங்கே அரிசி விலை மாதிரி அன்றாட விஷயம். அதில் பெனிசிமானி சொல்வதுதான் முடிவு. இப்பேர்ப்பட்ட மனிதர், நியூசிலாந்தில் இருக்கும் ஆக்லாந்துக்குப் போகும் தன் தங்கைக்கு ஒரு சிம் தேர்ந்தெடுக்க முடியாமல் எங்கள் வீட்டை உலுக்கி எடுத்துவிட்டார். நான் அவர் மனைவி. உலுக்கியதில் உதிர்ந்தது நான்தான்.

தங்கை பெயர் லோசலினே. வேலிக்கு அந்தப் பக்கத்து வீடு. ரொட்டிக் கடையில் வேலை. சிறு வயதில் வந்த காய்ச்சல் இதயத்தின் வால்வைக் கெடுத்துவிட்டது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். ஆக்லாந்து ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். துணைக்குப் போக யாருக்கும் விசா கிடைக்கவில்லை. அங்கே ஒரு தூரத்து உறவுக்காரி இருக்கிறாள், அவளுக்கும் இரவு பகலாகத் தொழிற்சாலை வேலை. லோசலினேவுக்கும் எங்களுக்கும் இடையே இருக்கப்போவது ஒரு போன் மட்டும்தான். அது பேசியாக வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

இதில் என்ன சிக்கல் என்று நீங்கள் கேட்கலாம். கடைக்காரர் அண்ணன், போன் தங்கையுடையது, வாங்கி நாலு பொத்தானை அமுக்கிக் கொடுக்க வேண்டியதுதானே என்பீர்கள். அமுக்க மாட்டார். எங்கள் மக்களில் அண்ணன் தங்கை உறவு என்பது முழுக்க மரியாதை. தங்கைதான் ஒரு படி மேலே. அவள் அறைக்குள் வந்தால் இவர் எழுந்து வெளியே போவார். அவளிடம் நேருக்கு நேர் பேசவும் மாட்டார். அவள் பாய், அவள் சீப்பு, அவள் துணி எதையும் தொட மாட்டார். இந்தக் காலத்தில் பல வீடுகளில் இதெல்லாம் தளர்ந்துவிட்டது. என் புகுந்த வீட்டில் இறுகித்தான் போயிருக்கிறது. போன் வந்ததும் அதையும் சீப்போடு சேர்த்துவிட்டார்கள். அதற்குள் அவள் படம் இருக்கும், அவளுக்கு வந்த செய்தி இருக்கும், அண்ணன் கண்ணில் படலாமா? ஊர்ப் பெண்களின் போனையெல்லாம் பிரித்து மேய்கிற மனிதருக்குத் தங்கை போன் மட்டும் தீண்டக் கூடாத பொருள்.

ஆகவே நடுவில் நான். வேலியில் பன்றிகள் புகுந்து புகுந்து உண்டாக்கிய ஓர் இடைவெளி உண்டு. அதன் வழியாகத்தான் போக்குவரத்து.

"அண்ணி, அண்ணன் என்ன சொல்றாரு?"

"ஆக்லாந்துல இறங்கினதும் அங்கயே புது சிம் வாங்கிக்கணுமாம். அதுதான் மலிவாம்."

"புது நம்பரா? ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்திருக்கறது பழைய நம்பரு. சபையில எல்லாருக்கும் தெரிஞ்சது பழைய நம்பரு. நான் பொழைச்சேனா இல்லையான்னு கேக்கறவங்க யாரைக் கூப்பிட்டுக் கேப்பாங்க? முடியாதுன்னு சொல்லுங்க அண்ணி."

நாத்தனார் முடியாது என்றால் முடியாதுதான். எங்களில் அண்ணன் மனைவிக்கு எதிர்த்துப் பேசும் பாத்தியதை கிடையாது. இடைவெளி வழியாகத் திரும்பி வந்தேன். இவர் கொல்லையில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"பழைய நம்பர்தான் வேணுமாம்."

"பழைய நம்பருன்னா ரோமிங்தான்" என்றார். சொல்லிவிட்டு அப்படியே நின்றார். கையிலிருந்த கிழங்கிலிருந்து மண் உதிர்ந்துகொண்டிருந்தது. "ரோமிங் வேண்டாம்."

ஏன் வேண்டாம் என்பது எனக்குத் தெரியும். இவருடைய அக்காள் சூலியேத்தியும் இப்படித்தான் சிறுநீரகக் கோளாறுக்காக ஆக்லாந்து போனாள். அவளுக்கு ரோமிங் போட்டுக் கொடுத்தவர் இவர்தான். பணமும் நிறையவே போட்டிருந்தார். ஆனால் போனுக்குள்ளே ஒரு பொத்தான் இருக்கிறது, அதைத் திறந்துவிட்டால்தான் வெளிநாட்டில் பேசும். அக்காள் போனை இவர் தொடலாமா? அக்காள் மகளிடம் சொல்லி அனுப்பினார். விமானம் ஏறும் அவசரத்தில் அந்தப் பெண் மறந்துவிட்டது. சூலியேத்தி கடைசி வரைக்கும் போனைக் கையில் வைத்து அமுக்கிக்கொண்டே இருந்தாளாம். அங்கிருந்தவர்கள் அவள் கணவன் வீட்டாருக்குச் சொல்லி, அவர்கள் வானொலி நிலையத்துக்குச் சொல்லி, கடையில் யாருடைய போனுக்கோ கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தபோது இழவுச் செய்திகளில் தன் அக்காள் பெயரைக் கேட்டார் என் கணவர். சூடு கண்ட பூனை. அதன் பிறகு ஊராரில் எத்தனையோ பேருக்கு ரோமிங் போட்டுக் கொடுத்தார், ஒரு தடவைகூடத் தயங்கியதில்லை. தங்கை என்றதும் தயங்கிவிட்டார்.

அதற்காக என் உயிரை எடுக்க வேண்டுமா? எடுத்தார். அட்டையே இல்லாத சிம் ஒன்று வந்திருக்கிறதாம், அதைப் போடலாம் என்றார். போய்ச் சொன்னேன். "அட்டையே இல்லாம எப்படி அண்ணி அது சிம்மு?" என்றாள் அவள். எனக்கு என்ன தெரியும்? திரும்பி வந்து கேட்டேன். செய்தித்தாள் ஓரத்தில் கோபுரம், அம்பு, வட்டம் என்று என்னவோ வரைந்து காட்டினார். அங்கே போவதற்குள் எனக்கு அம்பு மறந்துவிட்டது. கடைசியில் பார்த்தால் அவளுடைய பழைய போனில் அது வேலையே செய்யாதாம். பிறகு ஆஸ்பத்திரி வைஃபையில் பேசலாம் என்றார். "வைஃபை போயிடுச்சுன்னா?" என்று அவரே கேட்டு, அவரே "வேண்டாம்" என்றார். பிறகு உறவுக்காரியின் போன். "அவ வேலைக்குப் போயிட்டா?" அதுவும் வேண்டாம். ஒரு நாள் என்னிடமே, "அந்த ரோமிங் பொத்தான் அவ போன்ல எங்க இருக்குன்னு நீ பாத்துட்டு வா" என்று அனுப்பினார். நான் அமுக்கினேன். பளீரென்று விளக்கு எரிந்தது.

"அண்ணி, அது டார்ச்சு" என்று சொல்லி லோசலினே சிரித்தாள். சிரித்ததில் மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "அண்ணனை ரொம்ப யோசிக்க வேணாம்னு சொல்லுங்க. சூலி அக்கா விஷயத்துல அவரு மேல தப்பு இல்ல. இதை மட்டும் சரியா சொல்லிடுங்க அண்ணி."

இதை எப்படிச் சொல்வது? சிம் விவகாரத்தைச் சொல்வதற்கே நாக்கு தள்ளுகிறது. வந்து சொன்னேன். காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை. "பொத்தான் எங்க இருந்துச்சு?" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "நீங்களே போய்க் கேளுங்க. பத்தடி தூரம். கூடப் பொறந்தவ. அவ சாகக் கெடந்தாக்கூட நான்தான் நடுவுல நின்னு சேதி சொல்லணுமா?"

நடுத்தெருவில் துணியை அவிழ்த்துவிட்டு நிற்கச் சொன்னது போல என்னைப் பார்த்தார். அன்று அவர் சாப்பிடவும் இல்லை. ஆளின் பருமனுக்கு அது பெரிய செய்திதான். எனக்கும் மனசு கேட்கவில்லை. ஆனாலும் சமாதானம் சொல்லப் போகவில்லை. எவ்வளவுதான் ஒருத்தி பொறுப்பாள்?

மறுநாள் காலையில் சமையலறை மேசைமேல் அவருடைய போன் கிடந்தது. ஊரிலேயே நல்ல போன் அது. யாரையும் தொடவிட மாட்டார், என் கையில்கூடக் கொடுத்ததில்லை. அதிலிருந்த தன் படங்களையும் செய்திகளையும் துடைத்துச் சுத்தமாக்கியிருந்தார்.

"அவ போன்லேருந்து சிம்மை மட்டும் கழட்டிக் கொண்டு வா" என்றார்.

என் காதுத் தோட்டின் முனையால் குத்திக் கழற்றிக் கொண்டுவந்தேன். அதைத் தன் போனில் போட்டார். இன்னொரு துளையில் நியூசிலாந்து சிம் ஒன்றும் போட்டார். ஒன்று போனால் ஒன்று பேசுமாம். பிறகு ஒவ்வொரு பொத்தானாகத் திறந்தார். ரோமிங்கைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். முதல் எண்ணாக என் எண்ணைப் பதிந்தார். என் போனுக்கு அடித்துப் பார்த்தார். வைத்துவிட்டு மறுபடியும் அடித்தார்.

"தங்கச்சி போனைத் தொடக் கூடாதுன்னீங்க?"

"இது இப்ப என் போனு. என் போன்ல நான் எதை வேணா அமுக்குவேன். அவ கைக்குப் போனப்புறம்தான் அவ போனு."

எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வம்சம். இந்த யோசனை முதல் நாளே வந்திருந்தால் என் கால் தேய்ந்திருக்காதே என்றேன். "முதல் நாளே நீ திட்டியிருக்கணும்" என்றார், சிரிக்காமல்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். "அண்ணன் போனா?" என்றாள் லோசலினே. பெரிய சீர் வரிசையை வாங்குகிறவர்கள் செய்வதுபோல இரு கைகளாலும் அதைத் தலைக்கு மேலே உயர்த்தினாள். அவள் தங்கை, அண்ணனிடமிருந்து எதையும் உரிமையாகக் கேட்டு வாங்கக் கூடியவள். இதை அவள் கேட்கவே இல்லை.

போய் இறங்கியதும் என்னைக் கூப்பிட்டாள். "வந்துட்டேன் அண்ணி, தெளிவா கேக்குது." இவர் பக்கத்தில்தான் நின்றார். எந்த சிம்மிலிருந்து என்று மட்டும் என்னிடம் கேட்டார். பழைய எண்தான் என்றேன். தலையாட்டிவிட்டுக் கடைக்குப் போனார்.

அறுவை சிகிச்சை நாளில் போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நாங்கள் அடித்தால் மணி போகிறது, எடுப்பாரில்லை. உறவுக்காரியும் எடுக்கவில்லை. இவர் கடை திறக்கவில்லை. சவரம் செய்யாத முகத்தோடு அரைக்கால் சட்டையும் பனியனுமாகக் கொல்லையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டே இருந்தார். அத்தனை தேங்காயை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? நிறுத்தச் சொல்லவும் பயமாக இருந்தது. வானொலியைக் கையோடு கழற்றி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன்.

சனிக்கிழமை காலை நான் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது ஜன்னல் விளிம்பில் இருந்த என் போன் அடித்தது. என் கை முழுக்கச் சோப்பு நுரை. இவர்தான் எழுந்து போய்ப் பார்த்தார். "அவ நம்பரு" என்றார். அவள் எண்ணிலிருந்து நர்ஸும் கூப்பிடலாம், அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"எடுங்க" என்றேன்.

எடுக்கவில்லை. திரும்பி வீட்டுக்குள் ஓடினார். அந்த உடம்பு அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. பயந்து ஓடிவிட்டார் என்றுதான் நினைத்தேன். பாழாய்ப் போன மனுஷன் என்று வாய்விட்டே திட்டினேன். பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு நான் எழுந்திருப்பதற்குள் மணி ஓய்ந்துவிட்டது.

மறுபடி அடித்தபோது அவர் வாசலில் நின்றார். கோயிலுக்கும் பெரியவர்கள் முன்னிலைக்கும் போகும்போது கட்டுகிற இடுப்புப் பாயை, அந்த அரைக்கால் சட்டைக்கு மேலேயே சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார். தலைமுடியை ஈரக் கையால் படிய வாரியிருந்தார். நிமிர்ந்து நின்று, போனை எடுத்துக் காதில் வைத்தார்.

"அண்ணி…" என்று கேட்டது. மெலிந்த குரல், ஆனால் அவள் குரல்தான்.

"நான்தாம்மா" என்றார்.

அவள் மெதுவாக, "அண்ணிகிட்ட குடுங்கண்ணா" என்றாள்.

நான் கையை நீட்டினேன். அவர் என் பக்கம் முதுகைத் திருப்பி, போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டார்.