ரவுண்ட் ராக்குக்குப் போன கேட்சர் கையுறை

ஏழு வருடங்களாக டெக்சாஸில் வீட்டுச் சாமான்களை வாசலில் வைத்து விற்கும் கராஜ் சேல்கள் மீது படையெடுத்து, பழைய பேஸ்பால் கையுறைகள் நாற்பத்து மூன்றைச் சிறைபிடித்தவன் நான். டாலஸ் பக்கத்து ரிச்சர்ட்சனில் எங்கள் துணி அலமாரியைப் பார்த்தால் எந்த அருங்காட்சியகமும் வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திவிடும். அந்தச் சாம்ராஜ்யத்திலிருந்து ஒன்றைத் திருப்பிக் கொடுக்க, 2001 நவம்பர் முதல் சனிக்கிழமை ரவுண்ட் ராக் போனோம். ஆட்குறைப்பில் ஆபீஸில் பாதி நாற்காலிகள் காலியாகியிருந்த சமயம். ஊர் சுற்ற உகந்த மாதம் என்று சொல்ல மாட்டேன்.

காரணம் ஒரு போன். போன வருடம் அங்கே ஒரு பெண்ணிடம், பந்து பிடிக்கும் கேட்சர் போடும் கையுறை வாங்கியிருந்தேன். இட்லிப் பானை மூடிபோல உருண்டையான, தடித்த தோல். அப்பாவிடம் கேட்காமல் விற்றுவிட்டாளாம். என் செக்கில் இருந்த நம்பரைப் பிடித்து அந்த அப்பா, மிஸ்டர் டாய்ல், கூப்பிட்டார். சிறுவயதிலேயே இறந்துபோன அவர் அண்ணன் ராயின் கையுறை அது. மணிக்கட்டுப் பட்டையில் ராய் தன் பெயரை நீல மசியில் எழுதியிருந்தான். அவன் எழுத்தென்று வேறெதுவும் மிச்சமில்லை.

"பேர் இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

"நேத்து எழுதின மாதிரி இருக்கு சார்," என்றேன், பெருந்தன்மையின் சிகரத்தில் நின்றுகொண்டு.

போனை வைத்த பிறகுதான் அலமாரியைத் திறந்தேன். சில நாட்களுக்கு முன்தான் ஆயுத பூஜை. காருக்கும் கம்ப்யூட்டருக்கும் வைத்த கையோடு நாற்பத்து மூன்று பட்டைகளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தேன். மறுநாள் ஈரத்துணியால் துடைத்துத் தேங்காய் எண்ணெயும் தடவினேன். பட்டை பளபளத்தது. பெயர் இருந்த இடத்தில் ஒரு சிவப்புக் கறை.

காலை ஏழேகாலுக்குக் கிளம்பினோம். டாலஸைத் தாண்டி 35-ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்தால் நேர் தெற்கு. ஒரு வழிக்கு 190 மைல். நோவாவே பேழையைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கும் மழை. செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு கட்டிய அமெரிக்கக் கொடிகள் முன்னால் போன கார்களில் எல்லாம் நனைந்துகொண்டிருந்தன. ஒன்பது மணிக்கு வெஸ்ட் என்ற ஊரில் நிறுத்தினோம். கொலாச்சி என்று பழ ஜாம் வைத்த பன் அங்கே பிரசித்தம். இரண்டு பன், இரண்டு காபி, நாலு டாலர் பத்து சென்ட்.

என் மனைவி வசந்தா கை கழுவப் போன இடைவெளியில் நீலப் பேனாவை எடுத்தேன். பட்டையில் எழுதுமுன், பேக்கரியின் பெரிய காகிதப் பையில் பழகிப் பார்த்தேன். பதினோராவது ராயில் பிடிபட்டேன்.

"ஏங்க, என்ன பண்றீங்க?"

"ப்ராக்டிஸ்."

"அண்ணன் எழுத்து அவருக்குத் தெரியாதா? பேசாம சாரி சொல்லிடுங்க."

"சாரி சொல்றதுக்கா இவ்ளோ தூரம் டிரைவ் பண்றோம்?"

"பொய் சொல்றதுன்னா மட்டும் பக்கமாயிடுமா?"

பேனாவைப் பாக்கெட்டில் செருகினேன். மழைக்கு வேறு பை இல்லாததால், கையுறை அதே பைக்குள் போனது.

பதினொன்றரைக்கு மிஸ்டர் டாய்ல் கதவைத் திறந்தார். உட்காரச் சொல்லிவிட்டு, பையிலிருந்து கையுறையை எடுத்துப் பட்டையைக் கட்டைவிரலால் தடவினார்.

"இங்கதானே இருந்தது."

"ஆமா சார். பார்க்காமலே போன்ல சொல்லிட்டேன். அழிச்சது நான்தான்."

"இந்தச் சிவப்பு?"

"வருஷத்துல ஒருநாள் எங்க சாமான்களை எல்லாம் கும்பிடுவோம். அதுக்கு வச்சது."

"கும்பிட்டிருக்கீங்க," என்றார்.

பிறகு பையைத் திருப்பினார். வரிசையாகப் பதினோரு ராய். ஒரு மாகாணத்துக்கே பேசக்கூடிய நான் பாக்கெட்டில் இருந்த பேனாவைக் கையால் மறைத்தேன்.

"இப்படி இல்ல. அவன் எழுத்து இடப்பக்கம் சாயும்," என்று பேனாவுக்குக் கை நீட்டினார். என் ராய்களுக்குக் கீழே ஒன்று எழுதினார். இன்னொன்று எழுதினார். மூன்றாவதைப் பாதியில் நிறுத்தினார்.

"எனக்கும் வரல," என்றார்.

கையுறையை மடியில் வைத்துக்கொண்டார். பையைத் திருப்பித் தரவில்லை. பேனாவை நாங்கள் கேட்கவில்லை.

போகிறவர்களுக்கு: பெட்ரோல் போக வர பதினேழு டாலர். மழை நாளில் வழியில் வரும் வேகோ ஊர் அருகே லாரிகள் ஊர்ந்து போகும், அரை மணி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய கையுறை வாங்கினால் பட்டையைத் திருப்பிப் பாருங்கள். யாராவது பெயர் எழுதியிருந்தால் தண்ணீர், எண்ணெய், சந்தனம் எதுவும் வேண்டாம், தள்ளி நின்று கும்பிடுங்கள். போனில் யாராவது ஒன்று பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டால், ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு அலமாரி வரை நடங்கள். எங்கள் வீட்டில் அது ஒன்பது அடி.