சிவப்புப் பொட்டு வைத்த புஷ்கள்

காருக்கு எந்தப் புதுச் சாமானையும் பொட்டு வைத்துத்தான் பூட்டுவார் சிவனேசன். ஆக்லாந்து மழையில் குங்குமம் நிற்காது என்பதால் மனைவி நகத்துக்குப் பூசும் சிவப்புக் கியூட்டெக்ஸை எடுத்துக்கொள்வார். தொண்ணூற்றாறாம் ஆண்டு தன் பழைய மொரிஸ் மைனரின் பின் ஸ்பிரிங்கில் தேய்ந்து கடகடத்த ரப்பர் புஷ்களை மாற்றியபோதும் அப்படித்தான்.

அதே மாடல் கார் வைத்திருந்த சிநேகிதர் குலசிங்கம் உடனே வந்தார். “மகளின்ரை கலியாணத்துக்கு உன்ரை காரைத் தா மச்சான். என்ரை கடகடக்குது.”

கல்யாணம் முடிந்து திரும்பி வந்த கார் கடகடத்தது.

“நீ பூட்டினது பிழை. உனக்கு வயசு போட்டுது” என்றார் குலசிங்கம். சிவனேசனும் நம்பித் தொலைத்தார்.

பிறகு குலசிங்கத்தின் காரில் எண்ணெய் ஒழுகியது. கூப்பிட்டதும் போய் அடியில் படுத்தார் சிவனேசன். பின் ஸ்பிரிங்கில் சிவப்புப் பொட்டுகள் தெரிந்தன.

படுத்தபடியே சொன்னார்: “பொட்டை அழிச்சுப்போட்டாவது என்னைக் கூப்பிட்டிருக்கலாம், மச்சான்.”