மதார் சாயபுவின் நரம்புப் பெட்டி

“மூச்சை இழுத்துப் பிடிக்காதீரும் வே, முள்ளு பயந்துக்கிடும்!” என்று அதட்டிக்கொண்டே மதார் சாயபு இரண்டு பித்தளைப் பிடிகளையும் ஒரு வண்டிக்காரர் கைகளில் திணிக்கிறார். வள்ளியூர்ச் சந்தையின் புளியமரத்தடியில் கூட்டம் கழுத்தை நீட்டுகிறது. பெட்டியின் கண்ணாடிக்குள் முள் பாதித் தூரம் ஏறி நிற்கிறது. “பாதி நரம்பு முழிச்சிருக்கு, பாதி தூங்குது. போயி உளுந்தங்கஞ்சி குடியும்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்.

சாயபு மேலப்பாளையத்துக்காரர். கொழும்பில் கடைச் சிப்பந்தியாக இருந்த காலத்தில், சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார டாக்டரின் சாமான்களை ஏலம் போட்டார்கள். அதில் எடுத்த பெட்டி இது. உள்ளே பாட்டரி, வெளியே இரண்டு கம்பி, கம்பி நுனியில் பிடி. ஓடுகிற மின்சாரத்தை முள் காட்டும் என்பதுதான் ஏலம் போட்டவன் சொன்னது. கையில் பிடித்தால் நரம்பின் பலம், நெற்றியில் வைத்தால் மூளையின் பலம் என்பதெல்லாம் சாயபு சேர்த்துக்கொண்டது. ஆனால் அதைப் பொய்யென்று அவர் நினைத்ததே இல்லை, பாவம்.

எந்தக் கேள்விக்கும் சரக்கு வைத்திருக்கும் இந்த மனிதரிடம் இல்லாத சரக்கு ‘தெரியாது’ என்ற சொல் ஒன்றுதான். ஒரே ஆளுக்குக் காலையில் கொஞ்சமும் மத்தியானம் நிறையவும் முள் ஏறினால், “வெயில் ஏற ஏற நரம்பு முழிக்கும் வே” என்பார். உவரி மீன்காரர்கள் பிடியைத் தொட்டதுமே முள் மேலே போய் முட்டும். “கடக்காத்து குடிச்ச நரம்புல்லா!” என்பார். எண்ணெய்க் குளியல் முடித்து வந்த கணக்கப்பிள்ளையின் நெற்றியில் வைத்தபோது முள் கிடந்த இடத்திலேயே கிடந்தது. அவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். “கோவப்படாதீரும். மூளை எண்ணெயில ஊறிக் கெடக்கு, நாளைக்கு வாரும்” என்று சாயபு கையமர்த்தினார். சொன்னதில் பாதி நிஜம் என்பது அவருக்கே தெரியாது.

இந்த மாசியில்தான் வந்தது வினை. கருப்பட்டி வியாபாரி ஞானையா ஒருநாள் வியர்த்த கையோடு பிடித்து முள்ளை உச்சிக்கு ஏற்றிவிட்டார். அந்த மிதப்பில், மகள் ஹெப்சிபாவுக்குப் பேசி முடித்திருந்த வாத்தியார் ஜெபசீலனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே சந்தைக்கு இழுத்து வந்தார். சுண்ணாம்புக்கட்டித் தூள் அப்பிய, காய்ந்த கை. முள் அசையவே இல்லை.

“செத்த நரம்பா?” என்று ஞானையா அலறினார். “ஞாயித்துக்கெழம கோயில்ல சபைக்கு அறிவிச்சு கல்யாண ஓலை வாசிக்க வேண்டாம்னு பாதிரியார்ட்ட சொல்லிருதேன்!”

ஜெபசீலனின் முகம் சிறுத்துப் போயிற்று. அதைப் பார்த்த சாயபு வழக்கமான சரக்கை எடுத்துவிட்டார்.

“இரும் அண்ணாச்சி. வெயில் ஏறட்டும்.”

“அப்பம் காலையில செத்து மத்தியானம் உசுரு வார நரம்பா? எம்மக என்ன பாவம் செஞ்சா வே?”

கூட்டம் சிரித்தது. சாயபு சிரிக்கவில்லை. வாத்தியாரின் கையைத் திருப்பிப் பார்த்தார். செம்புத் தண்ணீரை ஊற்றிக் கழுவி, ஈரத்தோடேயே பிடிகளைக் கொடுத்தார். முள் துள்ளி மேலே போயிற்று. மீன்காரர்களின் உப்புக் கை, கணக்கப்பிள்ளையின் எண்ணெய் நெற்றி எல்லாம் சாயபுவின் கண்முன் வந்தன. அட நாசமாப் போக, இத்தனை காலம் ஈரத்தையா அளந்துகொண்டிருந்தோம்!

“கண்கட்டு வித்தை! செம்புல என்னத்தையோ போட்டுட்டீரு” என்றார் ஞானையா. “மொதல்ல காட்டுனதுதான் நெசம். கல்யாணம் கெடையாது.”

வாயை மூடிக்கொண்டால் பெட்டி பிழைக்கும். நாளைக்கும் இதே மரத்தடி, இதே கூட்டம், ‘நரம்பு வைத்தியரே’ என்று இதே கும்பிடு. வாயைத் திறந்தால் வாத்தியாரின் கல்யாணம் பிழைக்கும். சாயபுவுக்கு இப்போது வேறு பிழைப்பும் கிடையாது.

பக்கத்தில் வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டிருந்த பிரம்மநாயகியின் கூடைக்குள் கையை விட்டார். “ஏ சாயபு, என்ன செய்யுதீரு?” என்று அவள் கத்துவதற்குள், ஒரு காயை எடுத்து இரண்டு முனையையும் கிள்ளி, பக்கத்துக்கு ஒன்றாகப் பிடிகளை அழுத்தினார். முள் விறுவிறுவென்று ஏறி உச்சியில் முட்டி நின்றது.

“அண்ணாச்சி, பைய இங்கன வந்து பாரும்” என்றார். “இந்தக் காய்க்கு உம்ம அளவுக்கு நரம்பு இருக்கு.”

சந்தையே வெடித்துச் சிரித்தது. ஞானையா காயைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார், தன் உள்ளங்கையையும் ஒருதரம் பார்த்துக்கொண்டார். “சரி, சரி. ஓலைய வாசிக்கட்டும்” என்று முனகினார்.

சாயபு கம்பிகளைக் கழற்றிச் சுருட்டி உள்ளே போட்டுப் பெட்டியை மூடினார். பிரம்மநாயகியிடம் கத்தியை வாங்கி, அந்த மூடியின் மேலேயே வெள்ளரிக்காயை வைத்து நறுக்கி உப்புத் தூவினார். முதல் துண்டை எடுத்து வாத்தியாரின் கையில் வைத்தார்.