ஐந்தாவது பெயர்

ஒரு பள்ளிக்கு ஐந்து பெயர் என்று அனுப்பச் சொல்லிச் சுற்றறிக்கை வந்துவிட்டால், அன்றைக்கே எட்டாம் வகுப்புக் கணக்கு டீச்சருக்குச் சனி பிடித்துவிடும். கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பரீட்சை வைத்துப் பொறுக்கி, ஹாஸ்டலோடு கூடிய சிறப்புப் பள்ளிக்கு எடுத்துக்கொள்வார்கள். இந்தப் பட்டியல் போட்டுச் சீரழிந்தவர்களுக்கு என் பாடு புரியும். பெற்ற பிள்ளையும் அதே வகுப்பில் இருந்தால் இன்னும் நன்றாகப் புரியும்.

காரணம்

நான்கு பெயரைச் சட்டென்று எழுதிவிட்டேன். ஐந்தாவது இடத்துக்கு இரண்டு பேர். ஒருத்தி இசக்கியம்மாள். அவள் அம்மா ஐந்தருவியில் சிப்ஸ் கடை போட்டிருக்கிறார். சாரல் காலத்தில் அருவிக்குக் கூட்டம் வந்துவிட்டால், இசக்கி கடையில் நிற்பாள்; பாதி நாள் பள்ளிக்கு வரமாட்டாள். வந்த அன்று, நான் போர்டில் கணக்கை எழுதி முடிக்குமுன் விடையைச் சொல்லிவிடுவாள். இன்னொருத்தி என் மகள் நிவேதா. மூன்று கைடு, ஒரு டியூஷன், போதாததற்கு வீட்டில் நான். அப்படியும் எப்போதும் இசக்கிக்கு அடுத்த மார்க்குதான். எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

'வருகை போதாது' என்று காரணம் எழுதி இசக்கியை விட்டுவிட்டு, மகளைச் சேர்த்தேன். தலைமையாசிரியை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "சரி டீச்சர். நாளைக்கு அந்தப் பிள்ள மொகத்த எப்படிப் பாப்பிய?"

பஸ்ஸில்

பட்டியலில் இருந்த ஒரு பையனுக்குப் பரீட்சை நெருங்கும்போது பொன்னுக்கு வீங்கி வந்து கன்னம் வீங்கிவிட்டது. தலைமையாசிரியை என்னை ஒரு வார்த்தை கேட்காமல் இசக்கி பெயரைக் கொடுத்துவிட்டார். மற்ற நான்கு பேருக்கும் விடைத்தாளை ஜெராக்ஸ் எடுத்து, வட்டத்தைக் கறுப்பாக்க ஒரு மாதம் பழக்கியிருந்தேன். இசக்கி அந்தத் தாளைக் கண்ணால் பார்த்ததில்லை.

பரீட்சைக்குத் தென்காசி போகும் பஸ்ஸிலாவது சொல்லிக் கொடுத்திருக்கலாம். நான் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பின் சீட்டிலிருந்து என் மகள் குரல் கேட்டது. "ஏட்டி இசக்கி, ஒரு கேள்விக்கு ஒரு வட்டந்தான். வெளிய போவாம தீட்டணும். எங்கம்மா ஒனக்குச் சொல்லித் தரலியா?"

நன்றி

முடிவு வந்தது. இசக்கி தேர்வாகிவிட்டாள். நிவேதா பெயரைப் போனில் மேலும் கீழுமாகத் தள்ளித் தள்ளித் தேடினேன். இல்லை.

மறுநாள் இசக்கியின் அம்மா கடையைப் பூட்டிவிட்டு வந்து, ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை. "ஒங்க பிள்ளையோட சேத்து எம்பிள்ளையையும் அனுப்பி வச்சியளே டீச்சர், யாருக்கு இந்த மனசு வரும்?"

முதல் மார்க்

இசக்கி பெட்டியோடு ஹாஸ்டலுக்குப் போன அன்று நிவேதா அழுவாள் என்று நினைத்தேன். அவள் தட்டில் தோசையைப் பிய்த்துக்கொண்டே, நான் காலையிலிருந்து யாரிடமும் சொல்லாமல் நினைத்துக்கொண்டிருந்ததைச் சத்தமாகக் கேட்டுவிட்டாள். "எம்மா, அவதான் போயிட்டால்லா, இனி கிளாஸ்ல நாந்தான ஃபர்ஸ்ட்டு?"

என் மகளுக்கு என் கணக்கு வரவில்லை என்று வருத்தப்பட்டிருந்த நான், என் பொறாமை மட்டும் எந்த டியூஷனும் இல்லாமல் அவளுக்கு வந்துவிட்டதை அன்றுதான் கண்டேன்.